எங்கள் நாயின் இடது காது

காலையில் கடலிலிருந்து திரும்பும் ஃபைபர் போட்டுகளின் எஞ்சின் சத்தம் எனக்கு ஒன்றுபோலவே கேட்கும். அம்மாவுக்கும் அப்படித்தான். எங்கள் நாய்க்கு அப்படியில்லை. இருபது போட் வந்து போனாலும் வாசலில் படுத்த இடத்தில் கண்ணைத் திறக்காது. அப்பாவுடைய போட் கரையை நெருங்கும்போது மட்டும் எழுந்து ஓடும்.

எங்கள் நெட்டுக்குப்பத்தில் போட்டை இரண்டு பக்கமும் கரை ஒதுக்கலாம். அலை சாந்தமாக இருந்தால் கடல் பக்கம், இல்லாவிட்டால் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து ஆற்றுப் பக்கம். எங்கள் வீடு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நாய் இடது சந்தில் ஓடினால் கடல், வலது சந்தில் ஓடினால் ஆறு. அம்மா மீன் சுமக்கும் அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் பின்னால் போவாள். அப்பா போனைப் பாலித்தீன் பையில் சுற்றி உள்ளே வைத்திருப்பார், ஈரக்கையோடு எடுக்க மாட்டார். வெளி வியாபாரிகள் வந்து மொய்ப்பதற்குள் அம்மா போய் நின்றால்தான் நல்ல மீனைப் பிரித்து எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் பஸ்ஸைப் பிடிக்க முடியும். ஆறு வருடமாக அவளுக்கு வழி காட்டியது அந்த நாயின் காதுகள்தான்.

அதில் ஒரு காதை நான் கெடுத்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா தன் பெயரை எழுத மட்டும் கற்றுக்கொண்டவர். அம்மாவுக்குக் கைநாட்டு. நான் பி.காம். முடித்து, ராயபுரத்தில் துறைமுகச் சரக்குக்கான காகிதங்களைத் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தெருவில் யாருக்கு எந்தக் கவர் வந்தாலும் என்னிடம்தான் வரும். தடைக்கால நிவாரணப் படிவம், வங்கிக் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு. மாத்திரை அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை நான் படித்துச் சொல்லும்வரை பக்கத்து வீட்டு அத்தை தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று இப்போது எழுதும்போதும் முதுகு கொஞ்சம் நிமிர்கிறது. அதனால்தான் மற்றதையும் எழுத வேண்டியிருக்கிறது.

நாய், காசிமேட்டில் ஒரு விசைப்படகு முதலாளி வீட்டு லேப்ரடார் போட்ட குட்டி. தகப்பன் தெரு நாயாக இருந்ததால் குட்டிகளை வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கு வந்தது நிறத்தில் தகப்பனைக் கொண்டிருந்தது, காதில் தாயை. பெரிய, தொங்கும், காதுத் துளையை முழுவதும் மூடிவிடும் காதுகள். ஆற்றில் நீந்தும், மணலில் புரளும், மீன் வலைமேல் படுத்துத் தூங்கும். அதை யாரும் குளிப்பாட்டியதில்லை. வெயிலில் காயும், உதறிக்கொள்ளும், அவ்வளவுதான்.

போன ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை என் அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான்தான் பலமுறை கூப்பிட்டிருந்தேன். கூழையும் கருவாட்டுக் குழம்பையும் ரசித்துச் சாப்பிட்டார்கள். அம்மாவிடம் நன்றாகப் பேசினார்கள். கிளம்பும்போது ஒருத்தி நாயின் தலையைத் தடவிக் கொடுத்தாள். தடவிய பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து உள்ளங்கையை மோந்து பார்த்தாள். பிறகு கை கழுவ எங்கே போக வேண்டும் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. நான்தான் அன்று முழுவதும் அந்த உள்ளங்கையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு நாய்களுக்கான ஷாம்பூ வாங்கி வந்தேன். தெருக் குழாயில் ரப்பர் பைப்பைச் சொருகித் தலையிலிருந்து வால் வரை தண்ணீர் அடித்தேன். நுரை பொங்கத் தேய்த்தேன், மறுபடி தலையில் அடித்தேன். பழைய துண்டால் முதுகைத் துவட்டினேன். காதைப் பற்றி யோசிக்கவே இல்லை. அது வாசலில் நின்று தலையைப் பலமாக உதறியது. வாசனையாக இருந்தது. இரண்டு நாள் அதைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது வாரமே ஒரு நாற்றம் வந்தது. மீன் நாற்றம் இல்லை. புளித்த மாவை மூடி வைத்து மறந்துவிட்டால் திறக்கும்போது வருமே, அதைப்போல ஒன்று. குளித்தது போதவில்லை என்று நினைத்து வாரத்துக்கு இரண்டு முறை குளிப்பாட்டினேன். நாற்றம் கூடியது. நானும் ஷாம்பூவைக் கூட்டினேன். குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்த எதிர்வீட்டு அக்கா, உங்க வூட்டு நாய் எந்த ஆபீஸ்ல வேல பாக்குது என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சுத்தம் என்றால் என்னவென்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அம்மா மீன் வாங்கும்போது கண்ணைப் பார்த்து ஏமாற மாட்டாள். ஐஸில் கிடந்தால் பழைய மீனுக்கும் கண் பளபளக்கும் என்பாள். கட்டைவிரலால் செவுளைத் தூக்குவாள், உள்ளே நிறம் பார்ப்பாள், மூக்கைக் கொண்டுபோய் ஒரு தடவை இழுப்பாள், முடிவு சொல்லிவிடுவாள். ஒரு நாள் மத்தியானம் வியாபாரம் முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்தவள், பக்கத்தில் படுத்திருந்த நாயின் இடது காதை அதே கட்டைவிரலால் மேலே மடித்தாள். குனிந்து மோந்தாள். வலது காதையும் மோந்தாள். திரும்ப இடதுக்கு வந்தாள்.

"நாத்தம் ஒடம்புல இல்லடி. இந்தக் காதுக்குள்ளேருந்து வருது. தண்ணி நின்னு உள்ள கெட்டுப்போய்கீது. இனிமே தலைல தண்ணி ஊத்தாத."

நான் போனைப் பார்த்துக்கொண்டே, இது மீன் இல்லம்மா என்றேன். அவள் காதை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்குமேல் என்னிடம் வாதம் செய்யும் பழக்கம் அவளுக்கு இல்லை. நான் கல்லூரிக்குப் போன நாளிலிருந்து அந்தப் பழக்கத்தை அவள் விட்டிருந்தாள். அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு நாய் தலையை உதறிக்கொண்டே இருந்தது. பின்னங்காலால் இடது காதைச் சொறியும், சொறிந்துவிட்டு முனகும். மடித்துப் பார்த்தபோது உள்ளே சிவந்து, காப்பித்தூளைக் குழைத்துப் பூசியதுபோல அழுக்கு இருந்தது. பட்ஸ் எடுத்துக் குடைந்தேன். கொஞ்சம் பஞ்சில் ஒட்டி வந்தது, மிச்சம் உள்ளே போனது. உள்ளே போனது எனக்குத் தெரியவில்லை. பஞ்சில் வந்ததை அம்மாவிடம் காட்டி, பார், சுத்தம் செய்துவிட்டேன் என்றேன்.

கால்நடை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகலாமே என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்றேன். முந்தைய வருடம் எனக்குக் காது வலி வந்தபோது எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து பாதிக்குமேல் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சாமி படத்தின் பக்கத்தில் அதன் அட்டைப்பெட்டியோடு வைத்திருந்தேன். எடுத்துப் பெயரைப் படித்தேன். கிருமிக்கான மருந்துதான். போனில் தேடினேன், காதுக் கிருமிக்குக் கொடுப்பதாகப் போட்டிருந்தது. டாக்டரும் இதைத்தான் தருவார், எதற்கு ஒரு நாள் லீவு என்றேன். பெட்டிக்குள் ஒரு தாள் நாலாக மடித்து இருந்தது. ஊரார் மாத்திரைகளின் பொடி எழுத்தையெல்லாம் படிக்கிறவள் நான். அன்று அந்தத் தாளைப் பிரிக்கவில்லை.

அப்பா நாயின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். அம்மா டார்ச் அடித்தாள். முதல் சொட்டு விழுந்ததும் அது துடித்து அப்பாவின் கையைக் கடிக்க வாயைத் திறந்தது. கடிக்கவில்லை. பல்லை அவர் தோலில் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டது. மருந்து வேலை செய்தால் எரியத்தான் செய்யும் என்று நான் விளக்கினேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை இருந்தது. காலையும் மாலையும் மூன்று நாள் ஊற்றினேன்.

நாலாவது நாள் ஞாயிறு. காலையில் நாய் எழுந்து நின்றது, ஆனால் தலை இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. யாரோ கேட்ட கேள்வி புரியாமல் நிற்பதுபோல. நடக்கப் பார்த்தது. நேராகப் போகாமல் இடது பக்கமாகவே சுற்றியது, வாசற்படியில் விழுந்தது. தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தது. விழுந்த இடத்திலிருந்து அப்பாவைப் பார்த்து வாலை மட்டும் ஆட்டியது. அம்மா ஒரு சாக்கை மடித்து அதன் தலைக்குக் கீழே வைத்தாள்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அம்மாவும் நானும் ஆட்டோவில் அதைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எங்களுக்கு முன்னால் இரண்டு ஆடுகள், ஒரு சேவல், சங்கிலியோடு ஒரு பெரிய நாய். டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். பின்னல், சாதாரணக் காட்டன் சுடிதார், கழுத்தில் ஸ்டெதஸ்கோப். இவளுக்கு நாங்கள் யாரென்று தெரிய வேண்டும், நான் படித்தவள் என்று தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகவே எங்கள் தெருவின் பேச்சை விட்டுவிட்டு அலுவலகத்தில் பேசுகிற மாதிரி பேசினேன். எத்தனை நாளாக உதறுகிறது, எந்தக் காது, என்ன நிறம் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே சிறிய விளக்குள்ள ஒரு கருவியைக் காதுக்குள் வைத்துப் பார்த்தார். நாய் கத்தியது. ஒரு குச்சியில் அழுக்கை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பூஞ்சையும் இருக்கிறது, பாக்டீரியாவும் இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்.

"இதுக்கு முன்னாடி காதுல என்ன விட்டீங்க?"

அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. மருந்துப் புட்டி வீட்டில் இருந்தது, பெயர் என் வாயில் இருந்தது. ஆனால் மனிதக் காதுக்கான மருந்தை யாரையும் கேட்காமல் நாய்க்கு ஊற்றினேன் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

"எங்க அம்மா எண்ணெய் ஊத்திட்டாங்க, மேடம்."

அம்மா எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள், நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு. அவள் ஒரு சொட்டு எண்ணெய்கூட ஊற்றியதில்லை. ஊற்றலாமா என்று ஒரு தடவை கேட்டாள், நான் வேண்டாம் என்றதும் விட்டுவிட்டாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பி, காதுக்குள் எண்ணெயெல்லாம் ஊற்றக் கூடாது அம்மா, கிருமி உள்ளேயே அடைந்துபோகும் என்று பொறுமையாகச் சொன்னார். வாசலில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

"இனிமே ஊத்தமாட்டேன், டாக்டரம்மா."

டாக்டர் அதை எங்கள் சிகிச்சைச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

நாயின் காதுக் குழாய் நம்முடையது போல நேராகப் போகாது என்று விளக்கினார். கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்தில் தண்ணீர் நின்றால் தானாக வெளியே வராது. தொங்குகிற காது என்றால் காற்றும் போகாது. பட்ஸ் வைத்துக் குடைந்தால் அழுக்கை அந்தத் திருப்பத்தில் இடித்து அடைக்கிறோம். இப்போது குழாய் வீங்கி மூடியிருப்பதால் உள்ளே காதுச் சவ்வு கிழிந்திருக்கிறதா என்று தெரியவில்லை. தலை சாய்வதைப் பார்த்தால் உள்காது வரை போயிருக்கலாம். வீக்கம் குறைய மாத்திரை தருகிறேன், மூன்று நாள் கழித்து வாருங்கள், சவ்வை நான் பார்க்கிறவரை காதுக்குள் எதுவுமே விடக் கூடாது. எதுவுமே என்பதை இரண்டு தடவை சொன்னார். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா, மாத்திரை சோற்றுக்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும் கேட்டாள்.

சாயங்காலம் அந்தப் பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். காதுச் சவ்வு கிழிந்திருந்தாலோ, கிழிந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ பயன்படுத்தக் கூடாது. கேட்கும் திறன் நிரந்தரமாகப் போகலாம். நேரான ஆங்கிலம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். படித்துவிட்டு இருந்த மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தேன். புட்டியைக் குப்பையில் போட்டிருக்கலாம். போட்டால் ஏன் என்று அப்பா கேட்பார். அதனால் எடுத்த இடத்திலேயே, கண்ணாடிக்குப் பின்னால், திரும்ப வைத்தேன்.

செவ்வாயன்று அப்பாவின் போட் ஆற்றுப் பக்கம் வந்தது. நாய் எழவில்லை. அம்மா கடல் பக்கம் போய்க் காத்திருந்தாள். அப்பா தானாகவே வீட்டுக்கு நடந்து வந்தார், தோளில் வலை மூட்டையோடு. நாய் அவரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாலை ஆட்டியது. அவர் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இன்னாடா, என் போட்டு சத்தம் உனக்குக் கேக்கலியா?"

தலைசுற்றல்தான் காரணம், சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, அன்று தாமதமாக அலுவலகத்துக்குக் கிளம்பினேன். இடது பக்கம் நின்று அதை நான் கூப்பிட்டுப் பார்த்திருந்தேன். திரும்பவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தபோது அப்பா வாசலில் உற்சாகமாக உட்கார்ந்திருந்தார். நாய் இன்று கொஞ்சம் நிற்கிறது, சோறு தின்றது என்றார். அதற்கான காரணத்தையும் சொன்னார்.

"நீ வேலைக்குப் போற அவசரத்துல மறந்துட்ட கண்ணு. நான்தான் உன் மருந்த நேத்திலேருந்து ரெண்டு வேளையும் ஊத்துறேன். நீ ஊத்துன மாதிரியே, கை ஆடாம."

நல்ல மீன் கிடைக்காததால் அந்த இரண்டு நாளும் அம்மா சாயங்காலச் சந்தையிலும் உட்கார்ந்தாள், அப்போது வந்திருக்கவில்லை. டாக்டர் சொன்னதை அவளும் கேட்டவள்தான், ஆனால் அப்பா மருந்து ஊற்றிய நேரத்தில் அவள் வீட்டில் இருந்ததில்லை. எதையும் விடக் கூடாது என்று அப்பாவிடம் சொல்ல வேண்டியது நான். சொன்னால், ஏன் என்று கேட்பார் என்பதால் சொல்லவில்லை. அப்பாவின் பெரிய விரல்கள் அந்தச் சின்னப் புட்டியை எப்படிப் பிடித்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து புட்டியைப் பெட்டியோடு எடுத்து என் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி திறக்கும் முன்பே போய் நின்றோம். அப்பாவும் கடலுக்குப் போகாமல் வந்தார். டாக்டரின் மேஜையில் புட்டியையும் பெட்டியையும் வைத்து, இதையும் விட்டோம் என்றேன். விட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலும் எனக்கு வந்தது 'விட்டோம்'தான். டாக்டர் பெட்டியிலிருந்த தாளைப் பிரித்து மேஜையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எப்ப?"

"விட்டதுக்கு அப்புறம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். உடனே உதவியாளரைக் கூப்பிட்டு மயக்க ஊசிக்கு ஏற்பாடு செய்தார். நாயை மயக்கத்தில் வைத்துக் காதை உப்பு நீரால் திரும்பத் திரும்பக் கழுவினார். வெளியே வந்தது பழுப்பு, பிறகு மஞ்சள், பிறகு தெளிந்த நீர். கழுவி முடித்து விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, சவ்வில் ஓட்டை இருக்கிறது என்றார். சவ்வு ஆறலாம். கேட்பது திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, இந்த மருந்து உள்ளே போயிருந்தால் நம்பிக்கை கொஞ்சம் குறைவு என்றார்.

வெளியே மரத்தடியில் நின்ற அப்பாவிடம் போய்ச் சொன்னேன். மருந்து தப்பு என்றதும் அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. முதலில் ஊற்றியது நான், தாளைப் படிக்காதது நான், டாக்டர் எதையும் விடாதே என்றதை உன்னிடம் மறைத்ததும் நான், உன் கை மேல் தப்பு ஒன்றும் இல்லை என்றேன். அவர், நீ குடுத்த மருந்துனு நம்பித்தான ஊத்துனேன் என்று மட்டும் சொன்னார். அதில் குற்றச்சாட்டு இல்லை. தன்னைப் பற்றித்தான் சொன்னார்.

இரண்டு மாதம் மாத்திரையும் மருந்தும் ஓடின. காது பார்க்கச் சரியாகத் தெரிந்த பிறகும், மறுபடி மைக்ராஸ்கோப்பில் பார்த்து டாக்டர் போதும் என்று சொல்லும்வரை நிறுத்தவில்லை. வலது காதையும் வாரம் ஒரு முறை அவர் தந்த திரவத்தால் துடைக்கக் கற்றுக்கொண்டேன். காது நிறைய விட்டு, அடிக்காம்பை விரல்களால் பிசைய வேண்டும். உள்ளே சளக் சளக்கென்று கேட்கும். பிறகு கையை எடுத்துவிட்டால் அதுவே உதறித் தள்ளும். பஞ்சால் விரல் போகும் தூரம் மட்டும் துடைக்க வேண்டும். ஆற்றில் நீந்தி வந்தால் காதை மடித்து உலர்த்துகிறோம். குளியல் மாதத்துக்கு ஒன்று, காதில் பஞ்சு வைத்து, கழுத்துக்குக் கீழேதான். இவ்வளவும் ஐந்து நிமிட வேலை. முதல் ஷாம்பூ வாங்கிய அன்றே யாரையாவது கேட்டிருந்தால் அந்த ஐந்து நிமிடத்தோடு போயிருக்கும்.

கடைசி முறை போனபோது டாக்டர் வலது காதைப் பொத்திவிட்டு, நாயின் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார். நாய் அசையவில்லை. பொத்திய கையை எடுத்ததும் திரும்பியது. ஆனால் தப்பான பக்கம் திரும்பியது. சவ்வு ஆறிவிட்டது, இடது காது கேட்காது என்றார். ஒரு காது மட்டும் கேட்டால் சத்தம் வருவது தெரியும், எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லிவிட்டுச் சீட்டைப் புரட்டியவர், வழக்கம்போல அம்மாவிடம் கேட்டார், எண்ணெய் கிண்ணெய் ஊத்தலையே அம்மா என்று. ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒவ்வொரு முறையும் அம்மா, இல்ல டாக்டரம்மா என்று சொல்வாள். இரண்டு மாதமாக அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் நான். மருந்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன், அது போதும் என்று இருந்தேன்.

அன்று அறையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"எங்கம்மா எப்பவுமே எண்ணெய் ஊத்தல டாக்டர். மொத நாளு நான் பொய் சொன்னேன். தண்ணி ஊத்தாதனு சொன்னதே அவங்கதான்."

எங்கள் தெருப் பேச்சிலேயே வந்தது அது. டாக்டர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். அம்மா நாயின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்துகொண்டே, உடு டாக்டரம்மா, இன்னாத்துக்கு அது இப்போ என்றாள். டாக்டர் சீட்டின் முதல் பக்கத்துக்குப் போய் அந்த ஒரு வரியைப் பேனாவால் அடித்தார். மேலே எதுவும் எழுதவில்லை.

ஆட்டோவில் அம்மா நடுவில் நாயை உட்காரவைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும் இடம் வந்ததும் பேசினாள்.

"இன்னிக்கு அத்தினி பேரு முன்னாடி சொன்ன இல்ல. அன்னிக்கு ரூமுக்குள்ள நான் ஒருத்திதான் நின்னுகினு இருந்தேன். அன்னிக்கே சொல்லியிருந்தா உங்கப்பா அத எடுத்து ஊத்தியிருக்க மாட்டாரு."

ஆமாம் என்றேன். மூன்று நாள் நான் ஊற்றியதிலேயே காது போயிருக்கலாம், அப்பா ஊற்றியதிலும் போயிருக்கலாம். டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அம்மா சொன்னது சரி. அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஆட்டோக்காரரிடம் பாலத்துக்கு முன்னால் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போதும் அப்பாவின் போட் சத்தம் கேட்டதும் நாய் எழுந்துவிடுகிறது. அதில் சந்தேகமே இல்லை, மற்ற போட்டுக்கு எழுவதில்லை. எழுந்து இரண்டு சந்துக்கும் நடுவில் நிற்கும். ஒரு பக்கம் நாலடி போகும், திரும்பும், மறுபக்கம் போகும், அதே இடத்தில் சுற்றும். அம்மா அன்னக்கூடையோடு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு இருவரும் பெரும்பாலும் கடல் பக்கமே போகிறார்கள். பாதி நாள் தப்பாக இருக்கிறது. நல்ல மீன் போன பிறகு மிச்சத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முன்பே போய் ஆறும் கடலும் தெரிகிற மேட்டில் நிற்கிறேன். போட்டின் மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கமாக ஓடுகிறேன். நான் ஓடுவதைக் கண்டதும் அது பின்னால் ஓடி வருகிறது, தலை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தபடி. மற்ற ஆறு நாளும் அந்த நேரத்தில் நான் ராயபுரம் பஸ்ஸில் இருக்கிறேன்.